முட்டை வெடித்த பிறகும் தினமும் டெம்பரேச்சர் பார்க்க வேண்டுமா?

கேள்வி: 15 நவம்பர் 2023, காலை 7.10

கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். நான்கு மாதமாகக் காலையில் கண் விழித்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். முட்டை வெடித்த பிறகு, அதாவது கருமுட்டை சினைப்பையை விட்டு வெளியே வந்த பிறகு, சூடு ஏறுகிறது, சரி. ஏறிய பிறகும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? ஒரு நாள் 0.2 இறங்கினாலும் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. ஏறியதும் நிறுத்திவிட்டால் என்ன நஷ்டம்?

பதில்: 15 நவம்பர், இரவு 9.40

நிறுத்தாதீர்கள். அடுத்த பீரியட்ஸ் வரை பாருங்கள்.

நானும் இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறேன். நேற்று 97.7 ஃபாரன்ஹீட், இன்று 97.8. அதற்கு முந்தைய ஆறு நாளில் ஒருநாளும் 97.4-ஐத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு நாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ராத்திரி சரியாகத் தூங்காவிட்டாலும் ஏறும், தொண்டை கட்டினாலும் ஏறும், வழக்கத்தைவிட நேரங்கழித்து எழுந்தாலும் ஏறும். அடுத்தடுத்து மூன்று நாள், முந்தைய ஆறு நாளின் உச்சத்துக்கு மேலேயே நின்றால்தான் கணக்கு. மூன்றாவது நாள் அந்த உச்சத்தைவிட 0.4 ஆவது கூட இருக்க வேண்டும். செல்சியஸில் பார்க்கிறவர்களுக்கு 0.2. ஆக, நாளைக் காலை எனக்கு 97.8-க்குக் குறையாமல் வர வேண்டும்.

ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். முட்டை வெளியே வந்த பிறகு, அது இருந்த பை மஞ்சளாகிப் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கார்பஸ் லூட்டியம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தப் புரோஜெஸ்டிரான் மூளையில் ஹைப்போதலாமஸ் வரை போய், உடம்பின் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறது. அரை டிகிரி, அதிகம் போனால் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டுப் பார்த்தால் தெரியாது.

16 நவம்பர், காலை 6.15

97.9. மூன்றாவது நாள்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்கு: கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், தண்ணீர் குடிக்கும் முன். நாக்குக்கு அடியில் ஓரமாக வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். தினமும் ஒரே நேரம், எனக்கு ஆறு மணி. அதற்கு முன் தொடர்ந்து மூன்று மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஃபாரன்ஹீட்டில் வைத்தால் ஓரளவு போதும். செல்சியஸில் வைத்தால் மொத்த ஏற்றமே இரண்டு மூன்று எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவது கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் இரவே உதறி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் உதறினால் அந்த அசைவிலேயே கணக்குக் கெட்டுப்போகும்.

எங்கள் அத்தைக்கு முதல் மாதம் விஷயம் தெரியாது. நான் வாயில் தெர்மாமீட்டரோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "தெனமுமா காய்ச்சலடிக்கு ஒனக்கு?" என்று பதறிப்போய் ஒரு வாரம் மிளகு ரசமும் சுக்குக் காப்பியுமாக வைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அன்றிலிருந்து ஆறே கால் வரை எங்கள் அறைக் கதவை யாரும் தட்டுவதில்லை. அத்தையே காவல்.

18 நவம்பர், மதியம்

தினமும் சூட்டைக் குறித்து வைக்கும் இந்தத் தாளை ஏன் இவ்வளவு நம்புகிறாய் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு மாதம் 34 நாள், சில மாதம் 35. அக்டோபர் 10-ஆம் தேதி எனக்குப் பீரியட்ஸ் வந்ததிலிருந்து 21-ஆவது நாள். நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில் 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் 0.8. 3-க்கு மேல் இருந்தால்தான் முட்டை வெடித்ததாக எடுத்துக்கொள்வார்கள். "முட்டை வெடிக்கலை. அடுத்த மாசம் மாத்திரை போட்டு ஃபாலிக்குலர் ஸ்டடி பாத்துரலாம்" என்றார்கள். முட்டை வளர்வதை ஸ்கேனில் பார்ப்பதுதான் அது. என் மாதம் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இவர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்து பிரித்து வைத்தார்.

மறுநாள் காலை 97.7. அதற்கு மறுநாள் 97.8. எழுதுவதுகூடப் பழக்கத்தில் எழுதினேன், மனசு அதில் இல்லை. 23-ஆம் தேதி வரை இறங்கவே இல்லை. 24 அன்று பீரியட்ஸ். புதுத் தாள் ஒட்டுவதற்காகப் பீரோ கதவைத் திறந்தேன். கதவின் உள்பக்கம்தான் தாளை ஒட்டி வைப்பேன். பென்சில் புள்ளிகள் 21 வரை கீழே கிடக்கின்றன, 22-இல் படி ஏறி மேலேயே நிற்கின்றன. கதவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். முட்டை வெடித்திருக்கிறது. வெடித்த கையோடு, சுரப்பு ஏறுவதற்கு முன்னாலேயே நான் ரத்தம் கொடுத்திருக்கிறேன்.

21-ஆம் நாள் கணக்கு 28 நாள் மாதம் உள்ளவர்களுக்கு. 14-இல் முட்டை, அதிலிருந்து ஏழு நாளில் புரோஜெஸ்டிரான் உச்சத்தில் நிற்கும், ஆக 21. உண்மையில் பார்க்க வேண்டியது அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்னால். 35 நாள் மாதம் என்றால் 28-ஆம் நாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனா முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனார். "இந்த மாசம் மாத்திரை வேண்டாம்மா. 28-ஆவது நாள் ரத்தம் குடு, பாப்போம்." அந்த 28-ஆவது நாள் வரும் திங்கட்கிழமை.

19 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், சூடு ஏறிய அன்று சேர்ந்தால் போதுமா என்று கேட்டிருக்கிறார். முதல் குறிப்பிலேயே நான் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. ஏறிவிட்டால் அந்த மாத வாய்ப்பு முடிந்தது.

முட்டைக்கு ஆயுள் மிஞ்சிப்போனால் ஒரு நாள், 12 முதல் 24 மணி நேரம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அமெரிக்காவில் வட கரோலினாவில் 221 பெண்களிடம் தினமும் காலைச் சிறுநீரைச் சேகரித்து ஆலன் வில்காக்ஸ் என்பவர் குழுவோடு ஆராய்ந்தார், 1995-இல் அது வெளிவந்தது. கரு தரித்தவை எல்லாம் முட்டை வெளிவந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறே நாளுக்குள் சேர்ந்தவைதான். மறுநாள் சேர்ந்து தரித்தது ஒன்றுகூட இல்லை.

தெர்மாமீட்டர் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். வரப்போவதைச் சொல்வது வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் வெள்ளைப்படுதல். விரலுக்கு நடுவில் வைத்து இழுத்தால் அறுபடாமல் நூலாக வரும். அதோடு, முட்டை வெளிவருவதற்கு முன் ஏறும் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் எல்ஹெச் ஸ்ட்ரிப் பார்த்தால் ஒன்றரை நாள் முன்னால் தெரியும். தெர்மாமீட்டர் மூன்று மாதம் சேர்ந்தால்தான் நம் நாள் எது என்று காட்டும். என் மொபைல் ஆப் இன்னும் 14-ஆம் நாளைத்தான் பூப்போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது 20, 21.

21 நவம்பர்

புரோஜெஸ்டிரான் 11.2.

டாக்டரம்மா போனில், "ஒன் தாள் சொன்னதுதான் சரி" என்றார். இவரிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

24 நவம்பர், இரவு 11.30

15-ஆம் தேதி எழுதிய பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று சூடு ஏறிய பத்தாவது நாள், 97.5. ஆறு மணிக்கு அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து என் கையும் காலும் ஓடவில்லை. இன்னொரு பக்கம், 'ஒரு நாள் இறங்கி ஏறினால் அதுதான் கரு ஒட்டும் நாள்' என்று நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு அதே எண்ணை வைத்து சந்தோஷமும் பட்டேன். ஒரே எண், காலையில் அழுகை, மதியம் நம்பிக்கை. சாயங்காலம் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடு. இன்று காலை 97.8.

கரு ஒட்டுவது பெரும்பாலும் முட்டை வெளிவந்த எட்டாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். அதே 221 பேரிடமிருந்து வில்காக்ஸ் 1999-இல் சொன்னது. ஒட்டிய பிறகுதான், கார்டு தேடும் ஹெச்சிஜி ஹார்மோன் சுரக்கவே ஆரம்பிக்கும். பத்தாம் நாள் கார்டில் ஒரு கோடு வந்தால் அது இல்லை என்று ஆகாது, பார்க்க வேண்டிய நாள் இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம். இறங்கி ஏறுவதற்கும் கர்ப்பத்துக்கும் முடிச்சுப் போட முடியாது. முட்டை வெளிவந்ததிலிருந்து பீரியட்ஸ் வரையான இந்தப் பின்பாதியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் இன்னொரு முறை ஏறும், கர்ப்பம் இல்லாதவர்களுக்கும் ஒரு நாள் சூடு தணியும். நேற்று ராத்திரி மின்விசிறியைக் கூட்டி வைத்துப் படுத்தேன், அதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே கேட்டவருக்கு: மூன்று நாள் ஏறி நின்றதா, தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். நான்காம் நாளிலிருந்து அது சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

27 நவம்பர்

97.2. பீரியட்ஸ்.

பின்பாதி 13 நாள். போன மாதமும் 13.

28 நவம்பர்

ஒருவர் சரியாகப் பிடித்தார்: நிறுத்திவிட்டால் இந்த 13 எப்படிக் கிடைக்கும் என்று. கிடைக்கும். ஏறிய முதல் நாள் உங்களிடம் இருக்கிறது, பீரியட்ஸ் வந்த நாளும் தெரியும். நடுவில் உள்ளதை எண்ணினால் போதும், அளக்க வேண்டாம்.

இந்த எண்ணிக்கை முக்கியம். பெரும்பாலானவர்களுக்கு 11-இலிருந்து 17-க்குள் வரும். அவரவருக்கு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. மாதம் நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதியில்தான். பத்து நாளோ அதற்கும் குறைவாகவோ திரும்பத் திரும்ப வந்தால் தாளோடு டாக்டரிடம் போங்கள். தாங்களாகப் புரோஜெஸ்டிரான் வாங்கிப் போடாதீர்கள்.

8 டிசம்பர்

98.1 வந்துவிட்டது, இவ்வளவு சூட்டில் கரு எப்படித் தங்கும், நுங்கும் மோருமாகக் குடிக்கிறேன் என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் 'உடம்புச் சூடு' என்பது வேறு. பப்பாளி சூடு, எள் சூடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் சூடு தணியும் என்பதெல்லாம் அந்தச் சொல்லோடு வருவது. தெர்மாமீட்டர் காட்டுவது அது அல்ல. ஏறி நிற்கும் அந்த அரை டிகிரி, புரோஜெஸ்டிரான் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கருவுக்குப் படுக்கை விரிப்பதே அந்தப் புரோஜெஸ்டிரான்தான். மோர் குடியுங்கள், நல்லதுதான், ஆனால் இதைத் தணிக்க அல்ல. 98.1 எந்தக் கருவையும் சுடாது.

பெண் உடம்பின் இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக எழுதி வைத்தவர்களில் முன்னோடி மேரி புட்னம் ஜகோபி. நியூயார்க்கில் டாக்டராக இருந்தவர். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குக் கட்டாய ஓய்வு தேவையா என்ற கேள்விக்கு, தேவையில்லை என்று பதில் எழுதி 1876-இல் ஹார்வர்டில் பாய்ல்ஸ்டன் பரிசு வாங்கினார். அந்தக் கட்டுரைக்காகப் பெண்களின் சூடு, நாடி எல்லாம் அளந்தார். பெண்களுக்குப் படிப்பு ஒத்துவராது என்று டாக்டர்களே எழுதிக்கொண்டிருந்த காலம். தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன். சூடு ஏறுவதற்கும் கார்பஸ் லூட்டியத்துக்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் டாக்டர் வான் டி வெல்டே சொன்னது அதற்குப் பல வருடம் கழித்து.

26 டிசம்பர்

பத்து நாளாக எழுத முடியவில்லை. நாங்கள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றை ஒட்டிய தெரு. 17-ஆம் தேதி பெய்ய ஆரம்பித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. 18 அன்று தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. அத்தையை இவர் முதுகில் சுமந்துகொண்டு மாடி வீட்டுக்கு ஏற்றினார். நாலு நாள் அங்கேதான். அந்த வீட்டு ஆச்சி எங்கள் பத்துப் பேருக்கும் ஒரே குக்கரில் மாறி மாறிப் பொங்கி எடுத்தார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை.

வீட்டுக்குத் திரும்பிப் பீரோவைத் திறந்தால், கீழ்த்தட்டுத் துணியெல்லாம் சேறு. கதவில் ஒட்டியிருந்த தாள் அப்படியே இருந்தது. அடி ஓரம் மட்டும் ஊறி, காய்ந்து, அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. 16-ஆம் தேதி 97.2, 17-ஆம் தேதி 97.3. அப்புறம் நாலு கட்டம் காலி. மேசை டிராயரில் இருந்த தெர்மாமீட்டர் போனது போனதுதான்.

22-ஆம் தேதி புதுத் தெர்மாமீட்டர். முந்தின நாள் அத்தை, வாசலில் சேறு வழித்த கையோடு, மார்கழி பிறந்து அஞ்சு நாளாச்சு இன்னும் ஒரு கோலம் இல்லையே என்று கண் கலங்கியதால், நாலரைக்கே எழுந்துவிட்டேன். எழுமுன் பார்த்ததில் 97.4. மறுநாள் வழக்கம்போல் ஆறு மணிக்கு 97.8. ஏறியிருக்கிறதா, எப்போது ஏறியது, ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் முன்னால் பார்த்தால் சூடு குறைவாகத்தான் இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 0.2 ஃபாரன்ஹீட் என்று ஒரு கணக்கு உண்டு, நான் அதைக் கூட்டிக் கழிப்பதில்லை, ஓரத்தில் நேரத்தை எழுதி வைப்பேன். கருவியும் வேறு. இரண்டு தெர்மாமீட்டர் ஒரே வாயில் 0.2 வித்தியாசம் காட்டும். நடு மாதத்தில் கருவி மாற்றினால் அந்த மாதத் தாளில் பழைய புள்ளியையும் புதுப் புள்ளியையும் சேர்த்துக் கோடு இழுக்காதீர்கள்.

கோலம் சின்னதாகத்தான் போட்டேன். தெருவில் முதல் கோலம்.

31 டிசம்பர்

பீரியட்ஸ். 35-ஆவது நாளுக்குப் பின் இன்று.

தாளில் காலியாக விட்ட கட்டத்தைப் பின்னாலிருந்து நிரப்ப முடிகிறது. என் பின்பாதி 13 நாள். நேற்றிலிருந்து 13 நாள் பின்னால் எண்ணினால் 18-ஆம் தேதி முதல் உயர்வு. அப்படியென்றால் முட்டை வெளிவந்தது 17, மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை.

1 ஜனவரி 2024

திருத்தம். 35-ஆவது நாள் நேற்று, அதாவது 34 நாள் மாதம்தான். நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். 13 நாள் கணக்கு சரி.

10 ஜனவரி

இரண்டு பேருக்கு.

டாக்டர் புரோஜெஸ்டிரான் கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார், பதினைந்து நாளாகச் சூடு இறங்கவில்லை, விசேஷமா என்று கேட்டவருக்கு: கேப்ஸ்யூலே சூட்டை ஏற்றி வைக்கும், பீரியட்ஸையும் தள்ளிப்போடும். அதைப் போடும் வரை தாளை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். கார்டு, இல்லாவிட்டால் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நைட் ட்யூட்டி நர்ஸ் தங்கைக்கு: காலையில் வந்து படுத்து எப்போது எழுகிறீர்களோ அப்போது பாருங்கள், நீளமாகத் தூங்கிய தூக்கத்துக்குப் பின். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவராது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், எல்ஹெச் ஸ்ட்ரிப்பும் ஸ்கேனும் இருக்கின்றன.

23 ஜனவரி

97.7, 97.9, 97.9. நான் சொன்னதை நானே செய்கிறேன். தெர்மாமீட்டரை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

3 பிப்ரவரி

இன்று பீரியட்ஸ் வர வேண்டிய நாள். வரவில்லை. தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 98.0.

18 பிப்ரவரி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எழுதாமல் இருப்பது சரியில்லை.

5-ஆம் தேதி, உயர்ந்து நின்ற பதினாறாவது நாள், கார்டில் இரண்டாவது கோடு. மங்கலாக, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிற மாதிரி. இவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் தலையில் கை வைத்தார். அன்றே பீட்டா ஹெச்சிஜி கொடுத்தேன், 38. இரண்டு நாளில் ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டியது, 7-ஆம் தேதி 21. பதினெட்டு நாள் உயர்ந்தே நின்றால் கர்ப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. எனக்குப் பதினெட்டாவது நாள் அந்த 7-ஆம் தேதிதான். காலையில் 97.8. விதி தப்பவில்லை. சாயங்காலம் ரிசல்ட் வந்தது. 8 அன்று 97.5. 9 அன்று 97.2, ரத்தம்.

அத்தை ஊரில் யாரிடமோ "மருமக முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டார்களோ என்றுதான் எனக்கு முதல் பயம். சொல்லவில்லை. எனக்காக வெந்நீர் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் இவருக்கு முன்னால் ஒன்று இப்படிப் போனதைச் சொன்னார்கள். ஐந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

3 மார்ச்

பல பேர் கேட்டது: அளக்காமல் இருந்திருந்தால் ஆறு நாள் தள்ளி வந்த பீரியட்ஸ் என்றே போயிருக்கும் அல்லவா, தெரிந்து என்ன ஆயிற்று?

இதை மூன்று வாரமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த 221 பேரிடம் 1988-இல் முதலில் வெளிவந்த கணக்கே இதுதான்: ஒட்டிய கருக்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று டாக்டர் சொல்லும் நிலைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகின்றன. பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு. மாடிப்படி ஏறியதோ, பப்பாளி தின்றதோ, ஸ்கூட்டர் ஓட்டியதோ அல்ல. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். நாற்பது வருடமாக, தண்ணீர்க்குடம் தூக்கியதால்தான் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை.

எனக்குத் தெரிந்ததே நல்லது என்றுதான் இன்று படுகிறது. அது நாலு நாள் இருந்தது, இருந்ததை நான் அறிந்தேன். ஆனால் இது என் மனசு. தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று நினைப்பவர்கள் அளக்காதீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

9 ஜூன்

முதல் கேள்வி கேட்டவர் ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறார். இன்று மூன்றாவது நாள், 97.9 என்கிறார். இனி என்ன செய்ய என்று கேட்கிறார்.

நான் ஒரு முறை பார் என்றேன், ஒரு முறை நிறுத்து என்றேன், அப்புறம் நானே பிப்ரவரி 3-ஆம் தேதி எடுத்துப் பார்த்தேன். இப்போது நான் செய்வது இது: மூன்று நாள், அதோடு சரி. பதினைந்தாம் நாள் பீரியட்ஸ் வராவிட்டால் கார்டு. நடுவில் எதுவும் இல்லை. மூன்று மாதமாக அப்படித்தான், தூக்கம் வருகிறது.

இன்னொன்று. இந்தப் பக்கம் முழுக்க உங்கள் உடம்பைப் பற்றியும் என் உடம்பைப் பற்றியுமே பேசியிருக்கிறோம். மூன்று வருடம் என்று எழுதினீர்கள், இப்போது மூன்றரை. ஒரு வருடம் ஆனாலே இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில். உங்கள் தாள் ஒழுங்காகப் படி ஏறுகிறது, முட்டை மாதா மாதம் வருகிறது. அவருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தீர்களா? ஏழு மாதத்தில் நீங்கள் அதை ஒரு வரிகூட எழுதவில்லை, நானும் கேட்கத் தவறிவிட்டேன். எங்கள் வீட்டில் இவர் ஸ்கேனுக்கும் முன்னால் அதைக் கொடுத்துவிட்டார், அரை நாள் வேலை. லேபுக்குப் போகும் முன் இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும், ஏழு நாளைத் தாண்டக் கூடாது. அதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு மணி அலாரத்தை அணைத்துவிட்டுப் படுங்கள்.